மூன்றெழுத்தில் ஒரு நகரம்

மயிலாப்பூருக்குக் கடிதம் எழுதுவோர் முகவரியின் இறுதியில் 600 004 என்று இடுகின்றனர். தியாகராய நகருக்கு 600 017, அடையாற்றுக்கு 600 020. தபால் பிரிப்போர் ஊர்ப்பெயர் கண்டு மயங்காதிருக்க 1972-ஆம் ஆண்டில் பிறந்த ஏற்பாடு இது. விமானத்தில் ஏறிச் சென்னைக்கு வரும் பெட்டிகளிலும் இத்தகைய குறி ஒன்று உண்டு. எம்.ஏ.ஏ. என்பது அது.

மதராஸ் என்னும் பழம்பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துக்கள் அதில் உள்ளன. மூன்றாவதாக ‘டி’ வந்திருக்கலாகாதா எனின், எம்.ஏ.டி. என்பது ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரத்தின் குறி. ஒரு குறி ஓர் ஊருக்கே உரியதாதல் வேண்டும். இல்லையேல் மயிலாப்பூர்க் கல்யாணத்துக்கு வருபவரின் பெட்டி மாட்ரிட்டில் போய் இறங்கும்!

விமானத் தபால் நம் நகருக்கு முறையாக வரத் தொடங்கிய காலத்தில் இத்தொல்லை இல்லை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபாலைச் சிறு விமானத்தில் கொண்டுவந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொணர்ந்தவர் நெவில் வின்சென்ட். ஐந்தே ஊர்கள், பெயர்களே போதுமானவையாயிருந்தன.

அமெரிக்காவிலோ விமான நிலையங்கள் விரைந்து பெருகின. வானிலை நிலையங்களுக்கு வழங்கிய ஈரெழுத்துக் குறிகளை அங்கு முதலில் இரவல் பெற்றனர். இருபத்தாறு எழுத்துக்களை இரண்டிரண்டாகக் கூட்டினால் 676 குறிகளே கிடைக்கும். மும்மூன்றாகக் கூட்டினாலோ 17,576. ஆகவே மூன்றெழுத்து முறை நிலைபெற்றது. 1945-ல் ஹவானா நகரில் தோன்றிய சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் இன்று இக்குறிகளை வழங்குகிறது.

மாணவர்களே, இதன் பயனை அறிய ‘திரு’ என்று தொடங்கும் ஊர்களை நோக்குங்கள். திருச்சிராப்பள்ளி டி.ஆர்.இசட்.; திருவனந்தபுரம் டி.ஆர்.வி.; திருப்பதி டி.ஐ.ஆர். அயல்நாட்டு விமான ஊழியர் ஒருவர் இப்பெயர்களை அவசரத்தில் படித்துப் பெட்டிகளைப் பிரிப்பதை எண்ணிப் பாருங்கள்.

விமானிகளுக்கு வேறொரு குறி உண்டு. அது நான்கெழுத்து, சென்னைக்கு வி.ஓ.எம்.எம். என்பது. அதில் ‘வி’ தெற்காசியப் பகுதியையும், ‘ஓ’ இந்தியாவின் தென்பாகத்தையும் சுட்டும். மதுரையும் வி.ஓ.எம்.டி. என அதே எழுத்துக்களுடன் தொடங்குகிறது. பயணியின் குறி ஊரை மட்டும் சொல்ல, விமானியின் குறி திசையையும் சொல்லிவிடுகிறது. என் கருத்தில் பின்னதே அறிவுக்கு இசைந்த அமைப்பு.

1996-ல் மதராஸ் சென்னையாயிற்று. குறி மாறவில்லை. பழம்பெயரை இன்னும் சுமப்பானேன் என்று வருந்துவோர் உளர். உலகெங்கும் டிக்கெட்டுகளிலும் அட்டவணைகளிலும் கணிப்பொறிகளிலும் வேரூன்றிய ஒன்றைப் பிடுங்கினால், இடைக்காலத்தில் வழி தவறப்போவது பயணிகளின் பெட்டிகளே. பம்பாய் மும்பையான பின்னும் அதன் குறி பி.ஓ.எம்.தான்.

விமானக் கம்பெனிகளின் குறிகளுக்கு இந்த உறுதி இல்லை. 1953-ல் தோன்றிய இந்தியன் ஏர்லைன்ஸ் ஐ.சி. என்ற குறியுடன் நெடுங்காலம் மீனம்பாக்கத்துக்கு வந்துபோயிற்று. 2007-ல் அது ஏர் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் ஐ.சி. எண்கள் யாவும் ஏ.ஐ. எண்களாயின.