கடன்காரர் யார்?

2006 ஆகஸ்டு. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில், குடியரசுத் தலைவர் அலுவலகம் இயங்கும் கட்டிடத்தில் ஒரு அறை. நிறவெறி அரசில் 1986 முதல் 1991 வரை சட்டம் ஒழுங்கு அமைச்சராக இருந்த அத்ரியான் ஃப்லோக் குனிந்து, பாதிரியார் ஃப்ராங்க் சிக்கானேயின் கால்களைக் கழுவுகிறார். 1989இல் சிக்கானேயின் துணிகளில் விஷம் தடவி அவரைக் கொல்லப் பார்த்தது ஃப்லோக்கின் கீழிருந்த போலீஸ். கழுவியவர், கழுவப்பட்டவர் இருவருமே விசுவாசிகள். இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிய கதை இருவருக்கும் மனப்பாடம். அடுத்த ஆண்டு ஃப்லோக் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பத்தாண்டுச் சிறைத்தண்டனை, ஆனால் நிறுத்திவைக்கப்பட்டது.

இந்தக் காட்சி பலரை நெகிழவைத்தது. என்னையும்தான். ஃப்லோக்கின் மனமாற்றத்தைச் சந்தேகிக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் நெகிழ்ச்சி அடங்கியபிறகு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அங்கே தீர்ந்தது எந்தக் கடன்? யாருக்குச் சேரவேண்டிய கடன்?

கடன் என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் இரண்டு சுவிசேஷங்களில் வருகிறது. மத்தேயுவில் மன்னிக்கச் சொல்லிக் கேட்பது கடன்களை. லூக்காவில் அது பாவங்களாகிறது. இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்தான். ஜெர்மனிலும் குற்றமும் கடனும் ஒரே வேர். நீட்ஷே 1887இல் ஒழுக்கத்தின் மரபுவழி பற்றி எழுதியபோது இதைப் பிடித்துக்கொண்டுதான் கிறிஸ்தவத்தை நோண்டினார். நம்ம பேச்சில் இன்னும் வேடிக்கை. 'கடன்காரன் வாசல்ல நிக்கிறான்' என்றால் கொடுத்தவன். 'கடன்காரனா ஆயிட்டேன்' என்றால் வாங்கியவன். எவன் எவன் என்று இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிராயச்சித்தத்தின் வரலாறும் இந்தக் குழப்பத்தின் வரலாறுதான் என்று எனக்குப் படுகிறது.

ஆரம்பத்தில் குழப்பம் இல்லை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதர்களின் மிஷ்னா, பாவநிவிர்த்தி நாளைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது: கடவுளுக்கு எதிரான குற்றங்களை அந்த நாள் போக்கும், சக மனிதருக்குச் செய்ததை, அந்த மனிதரைச் சமாதானப்படுத்தும்வரை போக்காது. மத்தேயுவின் இயேசுவும் இந்த மரபுக்காரர்தான். சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால் காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்கிறார். லூக்காவில் வரும் வரிவசூல்காரன் சகேயு, சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புவதாகவும் சொல்கிறான். இன்றைக்கு இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று இயேசு சொல்வது அதற்கப்புறம்தான்.

பிறகு என்ன நடந்தது? சிலுவை மரணத்துக்கு அர்த்தம் சொல்லவேண்டியிருந்தது. மூன்றாம் நூற்றாண்டின் ஒரிஜனும் நான்காம் நூற்றாண்டின் நீசாவின் கிரகோரியும் அதைப் பிணைத்தொகை என்றார்கள்: சாத்தானிடம் அடிமைப்பட்டிருந்த மனிதனை மீட்கக் கொடுத்த விலை. அடிமைச் சந்தை நடந்துகொண்டிருந்த உலகத்தில் இது எல்லோருக்கும் புரிந்தது. 1098இல் கேண்டர்பரியின் பேராயர் அன்செல்ம், கடவுள் ஏன் மனிதனானார் என்ற நூலை எழுதி முடித்தபோது கணக்கு மாறியது. சாத்தானுக்கு யாரும் எதுவும் பாக்கியில்லை. பாவத்தால் பங்கப்பட்டது கடவுளின் மாட்சிமை. மனிதன் அதற்கு ஈடு செய்தாக வேண்டும், ஆனால் அவனால் முடியாது. ஆகவே கடவுளே மனிதனாகி ஈடு செய்தார். நிலப்பிரபுவின் கௌரவத்துக்குப் பங்கம் வந்தால் ஈடுகட்ட வேண்டும் என்றிருந்த சமூகத்தின் தர்க்கம் இது. அன்பைக் காட்டி மனிதனை மாற்றுவதே சிலுவை என்று அபெலார்ட் மறுத்துப்பார்த்தார். எடுபடவில்லை. பதினாறாம் நூற்றாண்டில், சட்டம் படித்த கால்வின் கௌரவத்தின் இடத்தில் தண்டனையை வைத்தார்: நமக்குரிய தண்டனையைக் கிறிஸ்து ஏற்றார்.

இடையில் 1215இன் நான்காம் லாத்தரன் சங்கம், ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும் என்றது. மேற்கத்திய மனிதனை வாக்குமூலம் கொடுக்கும் விலங்காக்கிய வரலாற்றில் ஃபூக்கோ இதை முக்கியமான கட்டமாகக் காண்கிறார். திருடியதைத் திருப்பிக்கொடு என்று பாதிரியார் சொல்லியிருக்கலாம், சொன்னார்கள்தான். ஆனால் மன்னிப்பு வழங்கப்படும் அந்தச் சிறிய இடத்தில் பாவியும் கடவுளின் பிரதிநிதியும் மட்டுமே. பறிகொடுத்தவர் வெளியே. 1517இல் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்தார். பாதிரியின் அதிகாரம் ஆட்டம் கண்டது. ஆனால் கணக்கு இருவருக்கு இடையிலான கணக்காகவே நீடித்தது. மூன்றாமவருக்கு அந்தப் பேரேட்டில் பக்கமே இல்லை.

தென்னாப்பிரிக்க டச்சு சீர்திருத்தச் சபை கால்வினின் வழி வந்தது. 1857இல் அதன் பேரவை, வெள்ளையர் அல்லாதாரோடு சேர்ந்து வழிபடுவதே வேதத்துக்கு உகந்தது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனி வழிபாட்டை அனுமதித்தது. பலவீனம் வெள்ளையருடையது, வெளியே போனவர்கள் கறுப்பர்கள். அந்தப் பலவீனம்தான் பின்னால் அரசாங்கமே ஆனது.

1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்கு ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைவர். ஜெபத்தோடு அமர்வுகள் தொடங்கின. 21,000க்கும் மேற்பட்டோர் வாக்குமூலம் கொடுத்தார்கள். பொதுமன்னிப்புக்கு விண்ணப்பித்தோர் 7,112 பேர். பெற்றோர் 849 பேர். முழு உண்மையைச் சொல்ல வேண்டும், குற்றம் அரசியல் நோக்கத்தோடு நடந்திருக்க வேண்டும். சட்டம் கேட்டது அவ்வளவுதான். வருந்த வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. இப்படிச் செய்திராவிட்டால் உள்நாட்டுப் போர்தான் என்பவர்களை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். உண்மைகள் வெளிவந்தன, பிள்ளைகளின் புதைகுழிகள் சிலருக்குத் தெரியவந்தன. இது சின்ன விஷயமில்லை.

ஆனால் சாரிட்டி கோண்டிலே என்ற தாய் சொன்னதையும் கேட்க வேண்டும். அவர் மகன் சிஸ்வே 1981இல் கொல்லப்பட்டான். உடல் எரிந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே இறைச்சி சுட்டுத் தின்று குடித்துக்கொண்டிருந்ததை ரகசியப் போலீஸ் அதிகாரி டிர்க் குட்சியே ஒப்புக்கொண்டார். அந்தத் தாயை நேரில் சந்திக்க விரும்புவதாகவும் சொன்னார். அவர் மறுத்துவிட்டார், உண்மையிலேயே வருந்துகிறவர் விசாரணைக் கூண்டில் ஏறட்டும் என்றார். மண்டேலாவும் டுட்டுவும் மன்னிக்கலாம், அவர்கள் வாழ்க்கைக்கு நியாயம் கிடைத்துவிட்டது, என் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை என்பது அவருடைய வாதம். இதைப் பழிவாங்கும் மனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கே, அரசுக்கு அல்ல என்று தெரிதா பிற்பாடு விரித்துப் பேசியதை இந்த அம்மா தன் அனுபவத்திலிருந்து சொல்லிவிட்டார்.

திருப்பிக்கொடுத்தல் என்ன ஆயிற்று? பாதிக்கப்பட்டவர் ஒருவருக்கு ஆண்டுக்கு சுமார் 17,000 முதல் 23,000 ராண்டு வரை, ஆறு ஆண்டுகள் தரலாம் என்றது ஆணையம். செல்வந்தர்மீது வரி போடலாம் என்றும் யோசனை சொன்னது. 2003இல் இம்பெகி அரசு ஒரேயொரு முறை 30,000 ராண்டு என்று முடித்துக்கொண்டது, வரியை நிராகரித்தது. குற்றவாளிக்கு மன்னிப்பு உடனடி ரொக்கம், பறிகொடுத்தவருக்கு நீண்ட காத்திருப்பு. சகேயு நாலு மடங்கு என்றான். இங்கே ஒரு மடங்குகூடத் தேறவில்லை.

இதைத் தமிழில் எழுதும்போது நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தைத் தாண்டிப் போக முடியாது. அங்கே வெள்ளாளக் கத்தோலிக்கரையும் நாடார் கத்தோலிக்கரையும் பிரித்து உட்காரவைத்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது, தங்கள் உரிமை பறிபோனதாக வெள்ளாளர்கள் சென்னை உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். சுவரின் இரண்டு பக்கத்திலும் பாவசங்கீர்த்தனம் நடந்திருக்கும். சுவர் பாவம் என்று யாருக்கும் படவில்லை. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் கல்லறைச் சுவர்களுக்கு எதிராகப் போராட வேண்டியிருந்ததும் இந்தக் கதையின் தொடர்ச்சிதான்.

பாவசங்கீர்த்தனம் என்ற சொல்லைக் கத்தோலிக்கத் தமிழ் இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறது. ஒப்புரவு வள்ளுவரின் சொல். ஒப்புரவறிதல் என்றே ஓர் அதிகாரம். அதில் இருப்பது பாவ அறிக்கை அல்ல, உள்ளதை ஊரோடு பகிர்வது. உவமையாக அவர் வைப்பது ஊருணி நீரை. சபை தெரிந்து எடுத்ததோ தெரியாமல் எடுத்ததோ, சொல் வந்துவிட்டது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கேட்கலாம்: நீங்கள் கால் கழுவியது சரி, அந்தத் தண்ணீர் யாருடைய கிணற்றுத் தண்ணீர்?