நீலகண்டமும் நுண்ணுயிர் நஞ்சும்

மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி விழாக் குழுப் பெரியவர்கள் பணித்தார்கள். பவானிக்கரையின் பெருமையையும் வனபத்ரகாளியம்மன் அருளையும் நம்மவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அடியேன் உயிரணுவியல் கற்பித்தவன். நஞ்சைப் பற்றி எழுதுகிறேன்.

நஞ்சும் நமக்குப் புதிதன்று. கொங்கு நாட்டுப் பனிக்காலத்தில் அடியார்களை நளிர்சுரம் வருத்த, ஞானசம்பந்தப் பெருமான் கொடிமாடச் செங்குன்றூராகிய திருச்செங்கோட்டில் திருநீலகண்டப் பதிகம் பாடியருளினார். சுரம் இந்நாட்டை விட்டே அகன்றது என்பது சேக்கிழார் வாக்கு. முதல் திருமுறையின் 116ஆம் பதிகம் அது. நோய் தீர வேண்டியவர், நஞ்சை அடக்கிய மிடற்றின் மேலேயே ஆணையிட்டார்! வள்ளுவரும் கண்ணோட்டம் சொல்லி முடிக்கும் குறளில் நஞ்சையே எடுத்தாள்கிறார். இவ்விரண்டையும் ஓதும்போதெல்லாம் எனக்குச் சம்புநாத் டே நினைவுக்கு வருவார்.

காலராக் கிருமி நஞ்சால்தான் கொல்கிறது என்று ராபர்ட் கோக் 1884இல் கருதினார். எழுபத்தைந்து ஆண்டுகள் அந்த நஞ்சு யார் கையிலும் சிக்கவில்லை. கல்கத்தாவில் டே, முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, கிருமியை முற்றிலும் வடித்தெடுத்த நீரை அதனுள் செலுத்தினார். கிருமியே இல்லாமல் குடல் நீரால் நிரம்பியது. 1959இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது அந்தக் கட்டுரை. நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. அது பரிசுக்கு நேர்ந்த குறை என்பேன்.

அந்த நஞ்சின் ஐந்து கூறுகள் குடலணுவின் மேலுறையிலுள்ள ஒரு கொழுப்பைப் பற்றிக்கொள்ளும்; ஆறாவது கூறு உள்ளே போகும். போகும் வழிதான் விந்தை. அணு தன் புரதங்களை வெளியே அனுப்பும் பாதையில் இது எதிர்த்திசையில் நடக்கிறது. அப்படியொரு பின்னோக்கிய பாதை உண்டென்பதை ஆய்வாளர்கள் தெளிவாகக் கண்டது இத்தகைய நஞ்சுகளைப் பின்தொடர்ந்துதான். உள்ளே சென்றதும், அணுவுக்குள் செய்தி கடத்தும் ‘ஜி’ புரதமொன்றை அணையாதபடி செய்துவிடும். உப்பும் நீரும் குடலுக்குள் கொட்டும். கக்குவான் இருமல் நஞ்சோ இன்னொரு ‘ஜி’ புரதத்தை எழவிடாது. இவ்விரு நஞ்சுகளும் இல்லாவிட்டால் ‘ஜி’ புரத ஆய்வு இவ்வளவு விரைந்திருக்காது. அப்புரதங்களுக்காக கில்மன், ராட்பெல் இருவரும் 1994இல் நோபல் பெற்றனர். ரண ஜன்னி நஞ்சு நரம்பு முனையில் ஒரே ஒரு புரதத்தை மட்டும் வெட்டுகிறது என்று 1992இல் இத்தாலியர் காட்டியதும், நரம்புகள் செய்தி விடுக்கும் முறை துலங்கியது. காலரா நஞ்சின் தீங்கற்ற ஐங்கூற்றில் ஒளிரும் சாயம் ஏற்றி, நரம்பின் வழித்தடத்தை இன்றும் தேடுகிறார்கள்.

நம் மலை ரயில் ஏறிச் சேரும் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907இல் வெறிநாய்க்கடி மருத்துவத்துக்காகத் தொடங்கியது. பின்னாளில் முத்தடுப்பு ஊசி மருந்தும் அங்கே உருவாயிற்று. தொண்டை அடைப்பான், ரண ஜன்னி நஞ்சுகளைப் பார்மலினால் வீரியமிழக்கச் செய்து, அவற்றையே காப்பாக்கும் கலை அது. நஞ்சு அடங்கிய கண்டத்தை வணங்கும் நமக்கு இது அந்நியமாகுமா?

தாய்மார்களே, 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம். பிள்ளைகளைத் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள்.