ப்ரௌட்டி தோட்டம்

பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலைக்குள்ள 1956இல் ஒரு தோட்டம் திறந்தார்கள். காசு கொடுத்தவர் ஒலிவ் ஹிக்கின்ஸ் ப்ரௌட்டி என்ற நாவலாசிரியர். சிறுவயதில் இறந்த தன் இரண்டு மகள்மாரின் நினைவாகத்தான் கொடுத்தார். சக்கர நாற்காலியில் பிள்ளைகள் அங்கே வெயில் காய வந்தார்கள். சில பெற்றோர் இறந்த பிள்ளையின் சாம்பலையும் அங்கேயே தூவினார்கள்.

மரம் தெரியும் யன்னலருகே படுத்த நோயாளர், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்தவர்களை விட வேளைக்கே வீடு போனதை 1984இலேயே ரொஜர் உல்ரிச் ஆய்வில் காட்டியிருந்தார்.

ஆனால் பச்சிளம் குழந்தைகளுக்கும் இதய நோயாளருக்கும் புதுக் கட்டடம் வேணும் எண்டது நிர்வாகம். எதிர்த்தவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். 2016 டிசம்பரில் தோட்டத்தின் பெரிய மரம் தறிக்கப்பட்டது.

இரண்டு பக்கமும் நோயாளிப் பிள்ளைகள்தான். ஆனா கட்டில எண்ணலாம். மரத்தடியில ஒரு தாய் அழுது தேறின நேரத்த எப்படி எண்ணுறது?