வெட்டப்படும் ஓரங்களின் கதை

ரொறன்ரோவில் வசிக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் எனது கைத்தொலைபேசிக்குப் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த பத்திரிகையொன்றின் செய்தித்துண்டு அது. யாரோ ஒருவர் வருடி இணையத்தில் இட்டிருந்ததை நண்பர் தமது கணினித் திரையில் கண்டு, கண்டவாறே பிடித்து, சுற்றிவர இருந்த கரிய நிழலையும் வெள்ளை ஓரத்தையும் வெட்டி அகற்றி, அழகுபடுத்தி அனுப்பியிருந்தார். "இது எந்தப் பத்திரிகை, எந்தத் திகதி என்று உங்களால் சொல்ல முடியுமா?" என்பது அவருடைய கேள்வி.

பத்திரிகையின் பெயரும் திகதியும் வழமையாக அச்சாகும் இடம் பக்கத்தின் மேல் ஓரம். அதைத்தான் நண்பர் குப்பையென்று எண்ணி வெட்டியிருந்தார்.

அவரில் பிழை காண்பதற்கு எனக்குத் தகுதியில்லை. படங்களின் ஓரத்தை வெட்டுவதையே தொழிலின் ஒரு பகுதியாக நான்கு தசாப்தங்கள் செய்தவன் நான். ஈய எழுத்துக்களைக் கையால் கோத்துப் பத்திரிகை அச்சிட்ட காலத்தில், புகைப்படம் ஒன்று பத்திரிகையில் வரவேண்டுமானால் அதற்கு நாகத் தகட்டில் 'புளொக்' செய்யவேண்டும். புளொக்கிற்குச் சதுர அங்குலக் கணக்கில் பணம். எனவே வானமும் தரையும் வேலியும் வீணாக இடம்பிடிப்பதை எந்த ஆசிரியரும் அனுமதித்ததில்லை. 'எல்' வடிவில் வெட்டிய இரண்டு அட்டைகளைப் படத்தின் மீது வைத்து, அங்குமிங்கும் நகர்த்தி, எவ்வளவு போதும் என்று தீர்மானித்து, ஓரத்தில் மெழுகுப் பென்சிலால் கோடு கீறி அனுப்புவோம். கோட்டுக்கு அப்பால் நின்றவர் மறுநாள் பத்திரிகையில் இல்லை. ஆனால் மூலப்படம் அலுமாரியில் முழுமையாக இருந்தது. அதுவே அந்தக் காலத்து வெட்டுக்கும் இன்றைய வெட்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு.

ஓரம் வெட்டப்பட்ட படங்களுள் உலகப் புகழ்பெற்றது எதுவெனில், சே குவேராவின் படத்தையே நான் சொல்வேன். 1960 மார்ச் 5ஆம் திகதி, ஹவானா துறைமுகத்தில் வெடித்த 'லா கூப்ர்' கப்பலில் மாண்டவர்களுக்கான அஞ்சலிக் கூட்டத்தில் அல்பேர்ட்டோ கோர்டா எடுத்த படம். மூலத்தில் சே தனியாக இல்லை. ஒரு பக்கத்தில் தென்னை, பனை இனத்து மரமொன்றின் ஓலை. மறுபக்கத்தில் பக்கவாட்டில் தெரியும் ஒரு மனிதர் முகம். இரண்டையும் வெட்டிய பின்னரே அது நாம் அறிந்த படமாயிற்று. 1967இல் இத்தாலியப் பதிப்பாளர் பெல்ற்றிநெல்லியின் கைக்குப் போய், சே கொல்லப்பட்ட பின்னர் சுவரொட்டியாக உலகெங்கும் பரவியது. வெட்டப்பட்ட அந்த முகம் கியூபாவின் 'பிரென்சா லற்றினா' செய்தி நிறுவனத்தின் முதலாவது பணிப்பாளரான ஹோர்ஹே மசெற்றியுடையது என்பர். ஆர்ஜென்ரீனப் பத்திரிகையாளரான அவர் 1964இல் தமது நாட்டின் சால்ற்றா காட்டுப்பகுதியில் கெரில்லாக் குழுவொன்றுடன் இருந்தபோது காணாமற்போனார். உலகின் மிகப் பிரசித்தமான படத்தின் ஓரத்தில் நின்றவர் ஒரு பத்திரிகையாளர் என்பதை நினைக்கும்போது எனக்குச் சற்று மனத்தாங்கல்தான்.

இனிக் கணினித் திரைக்கு வருவோம். திரையில் தெரிவதைப் படமாக்க வேண்டிய தேவை கணினித் திரை தோன்றியபோதே தோன்றிவிட்டது. 1963இல் ஐவன் சதர்லண்ட் என்ற மாணவர் 'ஸ்கெச்பாட்' என்னும் மென்பொருளால் திரையில் நேரடியாகக் கோடு கீறிக் காட்டினார். அத்தகைய ஆய்வுகளைத் தாளில் காட்டுவதற்கு அன்று இருந்த இலகுவான வழி திரைக்கு முன்னே கமெராவை வைப்பதுதான். அன்றைய திரையோ புடைத்த கண்ணாடி. அறை விளக்கு அதில் பிரதிபலிக்கும். படமெடுப்பவரின் நிழலும் சிலவேளை விழும். நேர்கோடுகள் ஓரத்தில் வளையும். அலைகாட்டிகளுக்கென உருவான பொலரோயிட் கமெராக்களில் வெளிச்சம் புகாத கூம்பு ஒன்றைப் பொருத்தித் திரையோடு ஒட்டவைத்துப் படமெடுத்தனர். கூம்பு இல்லாதவர் அறையை இருட்டாக்கினார். அதுவும் போதாது. ஒளிக்கற்றை திரையை மேலிருந்து கீழாக ஒரு விநாடிக்கு 50 அல்லது 60 தடவை வருடிச் செல்லும். கமெராவின் மூடி அதைவிட வேகமாகத் திறந்து மூடினால் படத்தின் குறுக்கே கரும்பட்டை ஒன்று விழும். நிழல் நீக்கும் கலையின் முதலாவது பாடம் இதுதான்: கமெராவைத் தாங்கியில் நிறுத்தி, மூடியை மெதுவாகத் திறக்க விடுதல்.

கமெராவைத் தேவையற்றதாக்கியது விசைப்பலகை. 1981 ஓகஸ்ட் மாதம் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியில் 'பிரின்ற் ஸ்கிரீன்' என்ற விசை இருந்தது. பெயர் சொல்வதையே அது அன்று செய்தது. திரையில் இருந்த எழுத்துக்களை அச்சுப்பொறிக்கு அனுப்பியது. 1984 ஜனவரியில் வந்த அப்பிள் மக்கின்ரோஷ் மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தினால் திரை முழுவதையும் படமாகவே சேமித்துத் தந்தது. 512க்கு 342 படப்புள்ளிகள். கறுப்பு அல்லது வெள்ளை, இடையில் எதுவுமில்லை. அந்தத் திரையிலும் நிழல் இருந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். சாளரத்தின் வலப்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் ஒரேயொரு புள்ளி அகலத்தில் கூடுதலான கருங்கோடு. ஒரு தாளின் மேல் இன்னொரு தாள் கிடக்கின்றது என்று கண்ணை நம்பவைப்பதற்கு அவ்வளவே போதுமாயிருந்தது.

ஓரம் ஒரு தொந்தரவு என்பதை முதலில் உணர்ந்தவர்கள் பல்கலைக்கழகத்தினர் போலும். மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் உருவாகி 1987இல் பதினோராவது பதிப்பைக் கண்ட 'எக்ஸ்' சாளர முறைமையோடு, திறந்திருக்கும் சாளரத்தைப் படமாக எடுத்துக் கொடுக்கும் சிறு கருவி ஒன்றும் வந்தது. சாளரத்தைச் சுற்றியுள்ள சட்டகத்தை விட்டுவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் எடுக்கும் தெரிவும் அதில் இருந்தது. ஆவணமொன்றில் விளக்கப்படமாகச் சேர்ப்பவருக்கு இது உதவும் என்று கையேட்டில் காரணமும் எழுதி வைத்தார்கள். பெல் அடிப்பதுபோல ஒரு வசனம்தான். ஆனால் திரைப்பிடிப்பு என்பது பத்திரிகைப் படம்போல ஓரம் வெட்டி ஒழுங்குபடுத்தி அச்சிடவேண்டிய பொருளாகிவிட்டது என்பதற்கு அந்த வசனமே சான்று.

இரண்டு ஆண்டுகளில் அடுத்த அடி. ஜெவ் பொஸ்கன்சர் என்ற அமெரிக்க மென்பொருளாளர் இலவசமாக வழங்கிய படக்கருவிகளின் தொகுதியில் 1989இல் ஓரம் வெட்டும் கருவியொன்று இடம்பெற்றது. அது வேலை செய்யும் முறை எளிமையானது. மூலைகளில் உள்ள புள்ளிகளின் நிறத்தைப் பார்க்கும். அதுவே பின்னணி என்று முடிவுசெய்யும். பிறகு நான்கு பக்கங்களிலிருந்தும் வரிவரியாக உள்ளே நகர்ந்து, வேறு நிறப் புள்ளி எதிர்ப்படும் முதல் வரியில் நின்றுவிடும். அதற்கு வெளியே உள்ளவை யாவும் ஓரம். இன்று பெரிய மென்பொருள்களில் உள்ள 'தானாக வெட்டு' என்ற கட்டளையின் அடிப்படையும் இதுவே. எமது 'எல்' அட்டைகளைக் கையில் எடுத்த இயந்திரம் என்று சொல்லலாம். ஆனால் அதற்கு நிறம் மட்டுமே தெரியும், செய்தி தெரியாது. வெள்ளைத் தாளில் கறுப்புத் தூசு ஒன்று இருந்தால் அதையும் உள்ளடக்கம் என்று எண்ணி நின்றுவிடும். ஆகவேதான் பிற்காலக் கருவிகளில், இவ்வளவு நிறவேறுபாட்டைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் சகிப்பு அளவு ஒன்றையும் சேர்த்தார்கள்.

இந்த இயந்திரத்துக்குச் சோதனை வந்தது மென்னிழலால். 2001 மார்ச்சில் வெளியான அப்பிளின் புதிய இயங்குதளத்தில் சாளரங்கள் ஒவ்வொன்றும் மிருதுவான நிழலோடு மிதந்தன. 2007 ஒக்ரோபரில் வந்த 'லெப்பர்ட்' பதிப்பில், தனிச் சாளரமொன்றைப் படம்பிடித்தால் அந்த நிழலும் படத்துக்குள் வந்தது. அதே ஆண்டு தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்ராவோ சாளரச் சட்டகத்தையே கண்ணாடியாக்கிவிட்டது. பின்னால் திறந்திருக்கும் வேறொன்று அதனூடாக மங்கலாகத் தெரிந்தது. திரையில் பார்க்க அழகுதான். பத்திரிகைத் தாளில் அச்சிட்டவர்களைக் கேளுங்கள். படிப்படியாக மங்கிச் செல்லும் சாம்பல் நிறம், அச்சுக்காகப் புள்ளிகளாக உடைக்கப்பட்டு மலிவான தாளில் மை ஊறும்போது, படத்தைச் சுற்றிப் புகை படிந்ததுபோல இருக்கும். தானாக வெட்டும் கருவிக்கும் அது பிடிபடவில்லை. நிழல் எந்த வரியில் முடிகின்றது, வெள்ளை எந்த வரியில் தொடங்குகின்றது? கண்ணுக்கே தெரியாதபோது கருவி என்ன செய்யும்? சாளரத்தைச் சொடுக்கும்போது 'ஒப்ஷன்' விசையை அழுத்திக்கொண்டால் நிழல் வராது என்ற விடயம் எங்கள் பக்க வடிவமைப்பாளர்களுக்குத் தெரியவருவதற்குள் எத்தனையோ பக்கங்கள் புகை படிந்தே வெளிவந்தன.

எங்களுக்குத் திரைப்பிடிப்பு புதிதல்ல. ஒருங்குறி பரவுமுன்னர், பாமினி போன்ற எழுத்துருவைத் தமது கணினியில் நிறுவாதவருக்குத் தமிழ் வெறும் கிறுக்கலாகவே தெரிந்தது. எனவே எழுதியதைத் திரையிலிருந்து படமாகப் பிடித்து மின்னஞ்சலில் அனுப்பினோம். பழக்கம் இருந்தது, எச்சரிக்கை இருக்கவில்லை.

அந்த எச்சரிக்கையை 2006ஆம் ஆண்டில் ஓர் இரவு கற்றுக்கொண்டேன். கொழும்பில் அலுவலகமொன்றில் பணிபுரிந்த ஒருவர், நிவாரணப் பொருட்களின் இருப்புப் பட்டியல் ஒன்றைத் திரையிலிருந்து பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார். ஆவணத்தில் ஒரு கணக்கும் அறிக்கைகளில் வேறொரு கணக்குமாக இருந்தமையால் அது நல்ல செய்தி. ஆனால் சாளரத்தின் மேல் ஓரத்தில், கணினிக்குள் நுழைந்தவரின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் அத்தகையதொரு பெயர் வெளியில் வந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இலங்கை வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கட்டுரையைத் தட்டெழுதிய மென்பொருளிலேயே படத்தைச் செருகி, அதன் வெட்டும் கருவியால் மேல் ஓரத்தை அகற்றி, திருப்தியோடு பக்க வடிவமைப்பாளருக்கு அனுப்பிவைத்தேன்.

அரைமணி நேரத்தில் அந்தப் பொடியன் எனது மேசைக்கு வந்தான். "அண்ணை, படத்தைக் கொஞ்சம் பெருப்பிப்பம் எண்டு ஓரத்தைப் பிடிச்சு இழுத்தனான். மேலை ஒரு ஆளின்ரை பெயர் வந்திட்டுது. அதையும் போடுறதோ?"

நான் வெட்டியதாக எண்ணியது வெட்டப்படவே இல்லை, திரையிட்டு மறைக்கப்பட்டிருந்தது. பெயர் முழுதாகக் கோப்புக்குள் இருந்தது. அன்றிரவு படத்தைத் தாளில் அச்சிட்டு, கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டியெறிந்து, மீதியை வருடியில் வைத்து மீண்டும் படமாக்கினோம். கத்தரிக்கோல் பொய் சொல்லாது. அந்தப் பொடியன் கேள்வி கேளாமல் அச்சுக்கு அனுப்பியிருந்தால் என்ற நினைவு இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

இது எனது அறியாமையால் வந்தது என்றே பல வருடங்கள் நினைத்திருந்தேன். 2003இலேயே அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவர் வெட்டி வெளியிட்ட படங்களின் கோப்புக்குள், வெட்டாத படத்தின் சிறு பிரதி ஒளிந்திருந்ததை இணையத்தினர் கண்டுபிடித்திருந்தார்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது. அதைவிடப் பெரியது 2023 மார்ச்சில் வெளியாயிற்று. சைமன் ஆரன்ஸ், டேவிட் புக்கானன் என்ற இருவர், கூகிளின் பிக்சல் தொலைபேசியில் ஓரம் வெட்டிய திரைப்பிடிப்புகளிலிருந்து வெட்டிய பகுதியின் பெரும்பங்கை மீட்டெடுக்க முடியும் என்று காட்டினார்கள். காரணம் கேட்டால் சிரிப்பும் அச்சமும் ஒருங்கே வரும். வெட்டிய படம் சிறியது. அதைப் பழைய பெரிய கோப்பின் மேலேயே எழுதிவிட்டு, மிஞ்சிய வாலை நறுக்க மென்பொருள் மறந்துவிட்டது. அந்த வாலில் பழைய படம் உயிரோடு கிடந்தது. பல வருடங்களாக மக்கள் வங்கி அட்டை இலக்கங்களையும் முகவரிகளையும் வெட்டிவிட்டதாக நம்பிப் பகிர்ந்த படங்கள் எத்தனையோ. சில நாட்களில் விண்டோஸ் 11இன் படம்பிடிக்கும் கருவியிலும் இதே குறை கண்டறியப்பட்டது. இரண்டு நிறுவனங்களும் அந்த மார்ச் மாதத்திலேயே திருத்தம் வெளியிட்டன. ஆனால் திருத்தம் வருமுன் வெட்டிப் பகிரப்பட்ட கோப்புகளை அது திருத்தாது. என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மறைக்கவேண்டியது இருந்தால் வெட்டிய படத்தைத் திரையில் திறந்து, அதை மீண்டும் ஒருதடவை படம்பிடித்து, அந்தப் புதிய படத்தை அனுப்புங்கள். நாங்கள் கத்தரிக்கோலாலும் வருடியாலும் செய்த வேலையின் மறுவடிவம்.

நண்பரின் துண்டுக்குத் திரும்புகின்றேன். வெட்டாத மூலம் இருக்கின்றதா என்று கேட்டு எழுதினேன். தொலைபேசியில் இடம் போதாமல் அழித்துவிட்டாராம். அதை இட்டிருந்த இணையத்தளமும் இப்போது திறக்கவில்லை. அழியவேண்டியது கோப்புக்குள் ஒளிந்திருந்தது, இருக்கவேண்டியது அழிந்துபோயிற்று. ஆயினும் நண்பரின் கை வலப்பக்கத்தில் சற்றுத் தளர்ந்திருக்கின்றது. அங்கே அடுத்த பத்தியின் விளிம்பு விரல் அகலத்துக்கு மிஞ்சியிருக்கின்றது. திரையரங்கு விளம்பரம் ஒன்றின் பாதி: '…ராணி' என்று முடியும் படத்தின் பெயர், அதன் கீழே 'இரண்டாவது வாரம்'. எண்பதுகளின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் படம் பார்த்த வாசகர்கள் எவருக்காவது அந்தப் படமும் அது ஓடிய மாதமும் ஞாபகத்தில் இருந்தால் எழுதி அறியத்தாருங்கள். எந்த ஆண்டுத் தொகுப்பிலிருந்து தேடத் தொடங்குவது என்பதாவது தெரியவரும்.