தும்பறை மலைக்காடும் மாத்தளை வரலாறும்

ஒரு நாட்டின் வரலாறு அரண்மனைகளிலும் போர்க்களங்களிலும் மாத்திரம் நிகழ்வதன்று. அதன் காடுகளிலும் நிகழ்வதாகும். மாத்தளை நகருக்குக் கிழக்கே உயர்ந்து நிற்கும் தும்பறை மலைத்தொடர் இவ்வுண்மைக்குத் தக்கதொரு சான்றாகும். மடக்கிய கைவிரல்களின் மூட்டுக்களைப் போன்று இதன் சிகரங்கள் தோன்றுதலின், ஆங்கிலேயர் இதனை நக்கிள்ஸ் என அழைத்தனர். மாத்தளை, கண்டி ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்துள்ள இத்தொடரின் அதியுயர்ந்த சிகரமாகிய கொம்பானிய 1,906 மீற்றர் உயரமுடையது.

பருவக்காற்றுக்கள் கொணரும் முகில்களை இம்மலை தடுத்து நிறுத்துகின்றது. உச்சியிலுள்ள குறுமரங்களும் அவற்றைப் போர்த்துள்ள பாசியும் பனிமூட்டத்தின் ஈரத்தைப் பற்றிச் சிறுகச் சிறுகக் கீழே விடுகின்றன. களு கங்கை, தெல்கமு ஓயா முதலியன இங்குத் தோன்றி, ஈற்றில் மகாவலியைச் சேர்கின்றன. எனவே, மலையிற் காடு குன்றின் சமவெளியில் வயல் வாடும் என்பது வெளிப்படை.

இக்காட்டின் நல்வாழ்வை முதலிற் குலைத்தது கோப்பியாகும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமை நாட்டப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவெனக் கொண்டது. கண்டி நாட்டுச் சேனை நிலங்களுக்கும் பட்டயம் முதலிய சான்றுகளை வேண்டியது. தலைமுறை தலைமுறையாக வழக்கினால் நிலத்தை ஆண்ட கிராமத்தவரிடம் பத்திரம் ஏது? இவ்வாறு அரசின் கைப்பட்ட மலைச்சரிவுகள் தோட்டத் துரைமாருக்கு விற்கப்பட்டன. அவற்றில் உழைக்கும்பொருட்டுத் தென்னிந்தியத் தமிழர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். காடு வீழ்ந்த கதையும் இம்மக்கள் வீழ்ந்த கதையும் வேறல்ல.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. பின்னர்த் தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. இதற்கிடையில், 1873இல், கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராகிய யோசேப்பு ஊக்கர் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைக் காக்குமாறு வற்புறுத்தினார். காலநிலையும் நீர்வளமும் கெடும் என்ற அச்சமே அதற்கு அடிப்படை. அரசும் அக்கோட்டை ஏற்றது. ஆயினும் கோடு மாத்திரம் காவலாகிவிடாது. பெருமரங்களின் நிழலில் ஏலம் நடுவதற்காகக் கீழ்ச்செடிகள் அகற்றப்பட்டன; ஏலத்தை உலர்த்தும் சூளைகளுக்கு அக்காடே விறகளித்தது. மேலே பசுமை தோன்ற, அடியில் இளங்கன்றுகள் இல்லாதொழிந்தன. வெளித்தோற்றம் கெடாது உள்ளே தேயும் காட்டின் அழிவை உணர்தல் அரிது.

2000ஆம் ஆண்டில் இப்பகுதி பேணற்காடாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010இல் பிரேசிலின் தலைநகரிற் கூடிய உலக மரபுரிமைக் குழு, சிவனொளிபாதமலைக் காடு, ஓட்டன் சமவெளி என்பவற்றுடன் இதனையும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. மூக்கின் நுனியில் இலைபோன்ற உறுப்புடைய அரிய ஓணான் ஒன்று இம்மலைத்தொடரிலன்றி உலகில் வேறெங்கும் வாழ்வதில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

எனினும் வரலாறு ஒரு வினாவை எழுப்புகின்றது. 1840இல் காட்டை விற்கச் சட்டமியற்றிய போதும், பின்னர்க் காக்கச் சட்டமியற்றிய போதும், மலையடிவாரத்து மக்களின் குரல் போதியவாறு கேட்கப்பட்டதா? கித்துள், தேன், பிரம்பு என்பவற்றுக்குக் காட்டை நாடிய இலக்கலைக் கிராமத்தவரும், ஏலக்காட்டிற் கூலிக்கு உழைத்தோரும் காவலின் சுமையைத் தாங்குகின்றனர். நீரின் பயனையோ நெடுந்தொலைவிலுள்ளார் துய்க்கின்றனர். பிரேசிலின் அமேசோனாசு மாநிலம் 1996இல் மாமிராவா என்னும் வெள்ளக்காட்டைக் குடிகளை அகற்றாது காக்கும் ஒதுக்கிடமாக்கியது. அங்கு மீன்வளத்தை அளந்து பிடிப்பதிற் குடிகளே பங்காளிகளாயினர். அவ்வழி அப்படியே இங்குப் பொருந்தும் என்பதன்று; காட்டின் அருகில் வாழ்வோர் அதன் பகைவராகக் கருதப்படாது காவலராக மதிக்கப்படல் வேண்டும் என்பதே அது தரும் பாடமாகும். சட்டம் எல்லையை வகுக்கும். அவ்வெல்லையை நிலைநிறுத்துவது மக்களின் மனமே.