கரை வெளுத்த பிறகு: எண்ணூர் எண்ணெயும் ஒரு மீனின் இதயமும்

எண்ணூர் கழிமுகம், சென்னை முடிஞ்சு திருவள்ளூர் மாவட்டம் தொடங்குற இடம். கொசஸ்தலையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் இங்கேதான் கடலைச் சந்திக்குது. மடவை, இறால், நண்டுக்கெல்லாம் இது ஒரு பால்வாடி மாதிரி. கடல்ல பொரிச்ச குஞ்சுகள் உள்ளே வந்து வளர்ந்துட்டு, திரும்பக் கடலுக்குப் போகும்.

இந்தப் பகுதியில ஏழு வருஷத்துக்குள்ள ரெண்டு தடவை எண்ணெய் பரவிச்சு.

முதல் தடவை, 2017 ஜனவரி 28 அதிகாலை. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே டான் காஞ்சிபுரம், பிடபிள்யூ மேப்பிள்னு ரெண்டு கப்பல்கள் மோதிக்கிச்சு. கசிவு எதுவும் இல்லைன்னுதான் முதல்ல சொன்னாங்க. கொஞ்ச நேரத்துல எர்ணாவூர் பாறைகள்ல தார் மாதிரி எண்ணெய் ஒதுங்குச்சு. அதை ஆளுங்க வாளியில அள்ளின காட்சியை நீங்களும் பார்த்திருப்பீங்க.

ரெண்டாவது, 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கால்வாய் வழியா கழிமுகத்துக்கே வந்துடுச்சு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையைக் கைகாட்டியது. எங்க குழாய்கள்ல கசிவு இல்லைன்னு ஆலை சொன்னது. வலையும் படகும் கறுத்துப்போச்சு. கூழைக்கடாக்களோட இறகுல எண்ணெய் ஒட்டியிருந்த படங்கள் நாடு முழுக்கப் போச்சு.

ரெண்டு தடவையும் கறுப்பு மறைஞ்சதும் செய்தியும் மறைஞ்சிடுச்சு. ஆனா கறுப்பு மறைஞ்ச பிறகு தண்ணிக்குள்ள என்ன நடக்குது? இதுக்கான பதில் அலாஸ்காவிலிருந்து தொடங்குது.

1989 மார்ச் 24. எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில மோதி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடல்ல கொட்டிச்சு. நாலு வருஷம் கழிச்சு, 1993-ல, அங்கே ஹெர்ரிங் மீன்வளம் சரிஞ்சு விழுந்தது. ஹெர்ரிங்னா நம்ம மத்தி மாதிரி கூட்டமா திரியுற மீன். நோயா, எண்ணெயான்னு விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுறாங்க. ஆனா அந்த விவாதம் ஒரு முக்கியமான தேடலைத் தொடங்கி வச்சது.

ஜான் இன்கார்டோனா, அமெரிக்க அரசோட கடல் ஆய்வு அமைப்பான நோவாவின் விஞ்ஞானி. கச்சா எண்ணெயில பிஏஎச்னு சொல்ற ஒரு வகை வேதிப்பொருள்கள் இருக்கு. மூணு வளையம் கொண்ட பிஏஎச்கள் மீன் கருவோட இதயத்துடிப்பை நேரடியா கெடுக்குதுன்னு 2004-ல அவரோட குழு காட்டுச்சு. முதல்ல துடிப்பு தவறுது. உடல் வீக்கமும் கோணலும் அப்புறம்தான் வருது.

2014-ல ஸ்டான்ஃபோர்டின் பார்பரா பிளாக் குழுவும் இவரும் சேர்ந்து, சூரை மீன் இதயச் செல்கள்ல காரணத்தைக் கண்டுபிடிச்சாங்க. துடிப்பைச் சீரா வைக்கிற பொட்டாசியம் வாயில்களை எண்ணெய் அடைச்சிடுது.

2015-ல வந்த முடிவுதான் நாம கவனிக்க வேண்டியது. மிகக் குறைவான எண்ணெய் பட்ட சால்மன், ஹெர்ரிங் கருக்களைச் சுத்தமான தண்ணியில மாசக்கணக்குல வளர்த்தாங்க. பார்க்க சாதாரண மீன்தான். ஆனா இதயம் வடிவம் மாறியிருந்தது. நீந்துற வேகமும் குறைஞ்சிருந்தது. கடல்ல மெதுவா நீந்துற குஞ்சு இன்னொரு மீனுக்கு இரை. செத்து ஒதுங்காது, எந்தக் கேமராவிலும் சிக்காது. அடுத்த சீசன்ல வலையில வராது, அவ்வளவுதான்.

அது அலாஸ்கா, இது எண்ணூர்தான். ஆனா மீனோட இதயம் துடிக்கிற அடிப்படை விதம் எந்த ஊர்லயும் ஒண்ணுதான். அதுவும் இங்கே எண்ணெய் புகுந்தது குஞ்சுகள் வளர்ற பால்வாடிக்குள்ளேயே.

2023-ல அதிகம் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு அரசு 12,500 ரூபாய் அறிவிச்சது. கெட்டுப்போன வலைக்கும் வேலையில்லாத நாளுக்கும் ஒரு கணக்கு அது. மூணு வருஷம் கழிச்சு வராத மடவைக்கு யார் கணக்கு வைப்பாங்க? அதுக்கு வருஷா வருஷம் அதே இடத்துல மீன் குஞ்சையும் சேற்றையும் சோதிச்சுப் பார்க்கணும். மீனவர்கள் சொல்ற பிடிப்புக் கணக்கை அதோட சேர்த்துப் பதிவு செய்யணும். அடுத்த தடவை ‘எண்ணெய் அகற்றம் முடிந்தது’ன்னு தலைப்பு வந்தா, ‘சோதனை எத்தனை வருஷம் நடக்கும்?’னு கேளுங்க.