ஒளியின் ஊடும் பாவும்

இருட்டிய பிறகு பழவேற்காட்டின் கோட்டைக்குப்பத்துக் கரையில் நின்று, தொலைவில் போகும் படகின் விளக்கை மெல்லிய பருத்தித் துணி வழியாகப் பாருங்கள். விளக்கு ஒன்றுதான். கண்ணுக்குத் தெரிவதோ நான்கு திசையிலும் வரிசைகட்டி நிற்கும் ஒளிப்புள்ளிகள். துணியைச் சுழற்றினால் அவையும் கூடவே சுழலும். நெசவு நெருக்கமாக இருந்தால் புள்ளிகள் விலகி நிற்கும்.

டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பியதற்குத் துணி வணிகமே பெருங்காரணம். இந்தக் கரையின் கட்டம்போட்ட கைக்குட்டைகள் கடல் கடந்து விலைபோயின. அமெரிக்காவில் 1785இல் பிரான்சிஸ் ஹாப்கின்சன் தெருவிளக்கைப் பார்த்ததும் ஒரு பட்டுக் கைக்குட்டை வழியாகத்தான். கைக்குட்டையை அசைத்தும் அதன் வழியே தெரிந்த இருண்ட கோடுகள் அசையாதது அவரைக் குழப்பியது. வானியலாளர் டேவிட் ரிட்டன்ஹவுஸிடம் கேட்டார். ரிட்டன்ஹவுஸ் மெல்லிய திருகாணிகளின் புரிகளில் தலைமுடிகளை இணையாக இழுத்துக் கட்டி, ஒளி வளையும் கோணங்களை அளந்தார். அதுவே முதல் விளிம்பு விளைவுக் கீற்றணி.

1873இல் ஜெர்மனியின் யெனா நகரில், நுண்ணோக்கிகள் செய்த கார்ல் ஸைஸுக்குத் துணைநின்ற எர்ன்ஸ்ட் அப்பே ஒரு பெரிய உண்மையைச் சொன்னார். பொருளிலிருந்து வரும் ஒளி லென்ஸின் குவியத் தளத்தில் முதலில் புள்ளிகளாகப் பிரிகிறது. அவை மறுபடி கலந்தால்தான் பிம்பம். எந்தப் புள்ளி லென்ஸுக்குள் நுழையவில்லையோ, அது சுமந்த நுணுக்கம் பிம்பத்தில் இல்லை. எந்த வடிவத்தையும் எளிய அலைகளின் கூட்டாக எழுதலாம் என்று கணிதவியலாளர் ஃபூரியே 1822இல் வெப்பத்தைப் பற்றிய நூலில் காட்டியிருந்தார். லென்ஸ் அந்தக் கணக்கைத் தானே போட்டு, விடையைக் குவியத் தளத்தில் பரப்பி வைக்கிறது.

விடை கையில் இருந்தால் அதைத் திருத்தவும் முடியும். அமெரிக்கரான ஏ.பி. போர்ட்டர் 1906இல் ஒரு சல்லடைக் கம்பிவலையை வைத்து இதை விளக்கினார். குவியத் தளத்தில் ஒரு குறுகிய பிளவு. மேலும் கீழுமாக நிற்கும் புள்ளிகளுக்கு மட்டும் வழிவிட்டால், பிம்பத்தில் பாவுபோல் நெடுக்கே ஓடும் கம்பிகள் காணாமல்போய், ஊடைபோல் குறுக்கே ஓடுபவை மட்டும் மிஞ்சும். வலையை யாரும் தொடவில்லை! ஒளி வடிகட்டலில் இதைவிட அழகான சோதனையை நான் அறியேன்.

போர்ட்டரின் கட்டுரை வந்தது லண்டனின் ஃபிலசாஃபிகல் மேகஸீனில். அதே ஆண்டு நவம்பரில், அதே இதழில், சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவரின் கட்டுரையும் வெளியானது. செவ்வகத் துளையில் ஒளி மிகச் சாய்வாக விழும்போது இருபக்க ஒளிப்பட்டைகளும் ஏன் சமமாக இருப்பதில்லை என்பது பொருள். கல்லூரி நிறமாலைமானியே கருவி. எழுதிய சி.வி. ராமனுக்கு அந்த மாதம்தான் 18 வயது நிறைந்தது. வழிகாட்டி இல்லாமல், பழவேற்காட்டுக்குத் தெற்கே ஒரு பகல் பயண தூரத்தில், அந்தப் பையன் உலகின் முன்வரிசை ஆய்வுக்குள் தானாகவே நுழைந்திருக்கிறான். நம் பள்ளிப் பாடங்கள் 1928இன் ராமன் விளைவோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தம்தான்.

ஒளியின் இந்த வளைவை, அதாவது விளிம்பு விளைவை, ராமன் கடைசிவரை விடவில்லை. 1935இல் பெங்களூரில், நாகேந்திர நாத்துடன் சேர்ந்து, திரவத்தில் ஓடும் மீயொலி அலையையே கீற்றணியாகக் கொண்டு கணக்குப் போட்டார். கம்பியும் நூலும் இல்லாத அந்தக் கீற்றணியை அடுத்த இதழில் பார்ப்போம்.